பள்ளத்துத் துண்டு

அந்த வீட்டில் மாமனாருக்கு ஜட்ஜ் என்று பேர். கோர்ட்டு வாசலைக்கூட அவர் மிதித்ததில்லை. சொன்ன சொல்லை மாற்றாதவர் என்று அக்கம்பக்கத்தார் வைத்த பட்டம். தப்பு என்று தெரிந்த பிறகும் மாற்ற மாட்டார் என்பதை மருமகள்தான் அனுபவித்துத் தெரிந்துகொண்டாள்.

ஒவ்வொரு மழைக்கும் அந்தக் காய்கறித் தோட்டத்தில் ஒரே கூத்து. தட்டையான பாத்திகளில் தண்ணீர் கட்டி நிற்கும், கத்தரி வேர் அழுகும், ஜட்ஜ் வானத்தைத் திட்டுவார். பாத்தியை மேடாக்கி, ஒரு வரிசைச் செடியைப் பிடுங்கிவிட்டு அங்கே வடிகால் வெட்டலாம் என்று மருமகள் சொல்லிப் பார்த்தாள்.

"ஒரு வரிசைன்னா சும்மாவா? அவ்வளவு தெரிஞ்சவளா இருந்தா அந்தப் பள்ளத்துத் துண்டை எடுத்துக்க. இந்த மழையில அங்க தக்காளி நின்னுச்சுன்னா, அடுத்த தடவை மொத்தத் தோட்டமும் உன் பேச்சுப்படிதான்," என்றார்.

தோட்டத்திலேயே தாழ்ந்த மூலை அது. தவளைக்குக் கொடுக்க வேண்டியதை மருமகளுக்குக் கொடுத்தார். அவள் மறுபேச்சு பேசாமல் மண்ணை வெட்டிப் போட்டு முழங்கால் உயரத்துக்குப் பாத்தி எழுப்பினாள். ஓரமாக ஓடை வரைக்கும் வாய்க்கால் இழுத்து, தக்காளி நாற்று நட்டாள். கை காய்த்துப் போயிற்று. புருஷன் வரப்பில் நின்று, "எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று கேட்டான். கேட்பதற்கு வந்தவன் கை கொடுக்க வரவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. மேலே ஜட்ஜின் கத்தரி கணுக்கால் தண்ணீரில் நின்றது. கீழே அவளுடைய தக்காளி ஜம்மென்று நின்று சிவக்கத் தொடங்கியிருந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. வாக்கப்பட்டு வந்ததிலிருந்து அந்த வீட்டில் அவள் சொல் ஒன்று முதல் தடவையாக எடுபடப் போகிறது.

ஒரு காலை மழை சற்று ஓயவும், மேட்டோரத்தில் மழைக்குத் தப்பியிருந்த கொஞ்சம் வெண்டைக்காயைக் கூடையில் அள்ளிக்கொண்டு சந்தைக்குப் போனாள். திரும்பி வந்து பார்த்தால், இரண்டு துண்டுக்கும் நடுவே இருந்த வரப்பு வாயைப் பிளந்து கிடந்தது. மேலே தேங்கிய தண்ணீரெல்லாம் அவள் பாத்திகளுக்கு நடுவே பாய்ந்து, மண்ணோடு செடியையும் வாரிக்கொண்டு போயிருந்தது. பக்கத்தில் மண்வெட்டியோடு புருஷன் நின்றான்.

"நீங்களா வெட்டினீங்க?"

"கத்தரி செத்துட்டிருந்துச்சு."

"அது எப்பவோ செத்தாச்சு. இத்தனை நாள் தண்ணியில நின்ன வேரு பொழைக்குமா? வெட்டித்தான் ஆகணும்னா மேல ஒரு வரிசையைப் பிடுங்கிட்டு, தண்ணியை என் வாய்க்கால்ல திருப்பியிருக்கலாமே?"

"வரிசையைத் தொடக் கூடாதுன்னுட்டாரு அப்பா." அவன் குரல் இறங்கியது. "அதோட, உன் தக்காளி மட்டும் நின்னா அவரு மூஞ்சியை எங்க கொண்டு வெச்சுக்குவாரு? நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா?"

மாமனார் வெட்டியிருந்தால்கூட அவளுக்கு மனசு ஆறியிருக்கும். வெட்டியது கட்டினவன் அல்லவா.

மழை விட்டு வெயில் வந்தது. கத்தரி ஒரு நாள் பச்சையாக நின்று ஆசை காட்டிவிட்டு, மறுநாள் உச்சி வெயிலில் மொத்தமாகத் தலையைத் தொங்கப் போட்டது.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது ஜட்ஜ் தொண்டையைக் கனைத்தார். "அடுத்த மழைக்குப் பாத்தியெல்லாம் மேடாப் போடலாம்னு முடிவு பண்ணியிருக்கேன்," என்றார், ஏதோ தனக்கே தோன்றியதைப் போல. "எவ்வளவு உயரம், வாய்க்காலுக்கு எவ்வளவு சரிவுன்னு இவனுக்குச் சொல்லிக் குடும்மா."

"அப்போ தோட்டம் இனிமே என் பேச்சுப்படியா, மாமா?"

"அதெப்படி? உன் தக்காளி எங்க நின்னுச்சு?"

அவள் புருஷனைப் பார்த்தாள். நடந்ததைச் சொல்ல அவனுக்கு ஒரு வார்த்தை போதும். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"எனக்கு அதெல்லாம் தெரியாது மாமா. உங்க பிள்ளைக்கு நல்லா வெட்டத் தெரியும். அவரையே கேளுங்க."

சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போனாள். அடுத்த மழைக்கும் தோட்டம் மூழ்கும். மூழ்கட்டும் என்றுதான் நினைத்தாள். தானும் அந்தத் தோட்டத்துச் சோற்றைத்தான் தின்றாக வேண்டும் என்பதும் கூடவே நினைவுக்கு வர, வாயெல்லாம் கசந்தது.