பிஸ்கட் டப்பாவில் விழுந்த ஓட்டு

முதலாளியம்மா மகள் வீட்டோடு போய்விட முடிவு செய்து, தையல் கடையை அதில் வேலை பார்த்த ஒன்பது பேருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். வம்பு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. இப்போதைக்குக் கட்டிங் மாஸ்டர்தான் பொறுப்பாளர் என்பதில் தகராறு இல்லை. காலம் முழுக்க அவரேயா, வருஷத்துக்கு ஒரு தடவை ஓட்டுப் போட்டு ஆளை முடிவு செய்வதா என்பதுதான் கேள்வி.

"ஒருத்தரே ஆண்டா முடியாட்சி. எல்லாரும் சேர்ந்து ஆண்டா மக்களாட்சி," என்றார் இஸ்திரி அண்ணன், பெட்டியை நிமிர்த்தி வைத்தபடி.

"எல்லாரும் ஆள உட்கார்ந்துட்டா பேண்ட்டை யாருண்ணே தைக்கிறது?" என்றாள் காலர் தைக்கிறவள்.

"தைக்கிறதும் நீதான், வருஷத்துக்கு ஒரு நாள் கேள்வி கேக்குறதும் நீதான். அதாம்மா விஷயம்."

மாஸ்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பு காஜா அக்காவுக்குப் பிடிக்கவில்லை. பொத்தான் துளைகளுக்குக் கையூசியால் காஜா எடுப்பது அவள் வேலை. எளிதில் ஊசி இறங்காத கேன்வாஸ் துணியெல்லாம் தன் தலையிலேயே ஏன் விழுகிறது என்று அவரிடம் ஒருமுறை கேட்டுவிட்டாள். அதன்பின் மழைக்காலம் முழுக்கக் கேன்வாஸ்தான் வந்தது. கட்டைவிரல் நகம் கறுத்துப்போனது. அப்போது புகார் சொல்ல முதலாளியம்மாவாவது இருந்தார்.

"ரகசிய ஓட்டு. யார் எதுக்குப் போட்டாங்கன்னு எனக்கே தெரியக்கூடாது," என்றார் மாஸ்டர். ஏற்பாடும் அவருடையதுதான். ஆளுக்கு ஒரு பித்தளைக் கோட்டுப் பொத்தான், ஒரு பிளாஸ்டிக் சட்டைப் பொத்தான். பித்தளை என்றால் காலம் முழுக்க, பிளாஸ்டிக் என்றால் வருஷா வருஷம். அளவு பார்க்கும் அறையில் திரைக்குப் பின்னால் ஒரு தகர பிஸ்கட் டப்பா. ஒன்றை அதில் போட்டுவிட்டு, மிச்சத்தைப் பக்கத்தில் தொங்கும் துணிப்பையில் போட்டுவிட வேண்டும். மாஸ்டர் திரைக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். காவலாம்.

ஓவர்லாக் மிஷின்காரர் உள்ளே போனார். ணங்.

அடுத்தது காலர்க்காரி. டப்.

மாஸ்டரின் தலை லேசாகத் திரும்பி அவளைப் பார்த்துவிட்டு நேரானது. பித்தளைக்கு ஒரு சத்தம், பிளாஸ்டிக்குக்கு ஒரு சத்தம் என்று காஜா அக்காவுக்குப் புரிந்தது. தெரியாமல் செய்த ஏற்பாடா, தெரிந்தே செய்ததா? பாதுகாப்பாகப் பித்தளையையே போட்டுவிடலாம். போட்டால் ஆயுசுக்கும் இவர்தான். பிளாஸ்டிக்கைப் போட்டால் நாளைக்கே கேன்வாஸ்.

அடுத்து அவள் முறை. நேரே வெட்டு மேஜைக்குப் போய்த் துண்டுத் துணிகளை இரண்டு கையாலும் அள்ளினாள்.

"என்னம்மா அது?"

"டப்பா அடியில போட மாஸ்டர். சத்தம் காதைக் குடையுது."

"என்மேல சந்தேகமா?"

"உங்கமேல எனக்கென்ன சந்தேகம்? டப்பா மேலதான்."

மிஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. வேண்டாம் என்றால், இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்ததை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். "போடு, போடு," என்றார் மாஸ்டர்.

"அப்போ முதல்லருந்து எல்லாரும் திரும்பப் போடுவோம்," என்றார் இஸ்திரி அண்ணன்.

இந்தத் தடவை டப்பா வாயே திறக்கவில்லை. மேஜையில் கொட்டியபோது பிளாஸ்டிக் ஏழு, பித்தளை இரண்டு. ஒன்று மாஸ்டருடையது, அது ஊருக்கே தெரியும்.

"இன்னொண்ணு யாரோடது?" என்று மாஸ்டர் கேட்டார். மிஷின்கள் ஓட ஆரம்பித்தன.

ஆனால் கொஞ்ச நேரத்தில் ஓவர்லாக்காரர் நூல் கேட்கிற சாக்கில் போய், "நான்தான் மாஸ்டர்," என்று கிசுகிசுத்தார். சாக்பீஸ் வாங்கப் போன காலர்க்காரியும் அதையே சொன்னாள். இஸ்திரி அண்ணன் டீ கிளாஸை நீட்டியபடி, "என்னைத் தவிர உங்களுக்கு வேற யாரு இருக்கா?" என்றார்.

கடைசியில் மாஸ்டர் கேன்வாஸ் கட்டோடு காஜா அக்காவிடம் வந்தார். "மூணு பேர் வந்து சொல்லிட்டாங்க. நீயும் சொல்லப் போறியா?"

அவள் நூலைப் பல்லால் கடித்தாள். "சொன்னா நம்புவீங்களா?"

மாஸ்டர் அவளைப் பார்த்தார். கடை முழுக்க ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யார் மடியில் போடுவது என்று புரியவில்லை. பிறகு கட்டைப் பிரித்து, கையூசிக்காரர் நால்வருக்கும் சமமாகப் பங்கு வைத்துவிட்டுப் போனார்.

பக்கத்தில் இருந்தவளின் பங்கையும் தன் பங்கையும் அருகருகே வைத்து, உயரம் சரிபார்த்த பிறகுதான் அக்கா ஊசியில் நூல் கோத்தாள்.