பேனாட்டின் கையெழுத்து

கதவைத் தட்டிய பெண், "பேனாட் சூசைதாசன் இஞ்சதானே இருந்தவர்?" என்று கேட்டதும் இராஜரட்ணம் திறந்த கதவைப் பாதி சாத்தினான். அந்தப் பெயரைக் காதால் கேட்டுப் பன்னிரண்டு வருடமாகிறது.

பயப்படுவதற்கென்றே பிறந்த மனிதன் அவன். ரொறன்ரோத் தெருவில் பொலிஸ் காரைக் கண்டால் பச்சை விளக்கிலும் பிரேக் போடுவான். அரசாங்கக் கடிதம் வந்தால் மனைவி மயூரிதான் உடைக்கவேண்டும். அவளோ மகளையும் கூட்டிக்கொண்டு றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தாள். பயத்தைப் பங்குபோட வீட்டில் ஆளில்லை.

"நான் அவற்ற மனுசி, கிளடிஸ். மோர்னிங்சைட்டில இருந்து வாறன். உள்ள வரலாமோ தம்பி?"

வேண்டாம் என்று சொல்லத் துணியாமல் வழிவிட்டான். பேனாட்டின் மனைவி கிளடிஸ் சோபாவில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து கடதாசிகளை எடுத்துப் பரப்பினாள். வங்கியில் பத்து வருடம் ஒருவரும் தொடாத காசை அரசாங்கம் வாங்கி வைத்துக்கொள்ளுமாம். உரியவர் கேட்டால் கொடுக்குமாம். சட்டத்தரணி ஒருவரின் கந்தோரில் வேலைசெய்யும் அவளுடைய சிநேகிதி ஒருத்தி, அப்படியான பட்டியல் ஒன்றில் பேனாட்டின் பெயரைக் கண்டிருக்கிறாள். ஆயிரத்து நூற்றுச் சொச்சம் டொலர். விலாசம், டோர்செட் பார்க்கில் இதே கட்டடம், இதே 907ஆம் இலக்க வீடு. பிறந்த திகதியும் பேனாட்டினுடையதுதான்.

"எண்பத்தஞ்சில கொழும்புக்கு வெளிக்கிட்டவர். பாஸ்போட்டை வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பிற ஏஜென்சியிட்டக் குடுத்திட்டன், ரெண்டு கிழமையில பறந்திடுவன் எண்டு கடிதம் போட்டவர். பிறகு ஒரு சத்தமும் இல்லை. லொட்ஜில வச்சு ஆமி பிடிச்சதெண்டு சனம் கதைச்சது. நான் நம்பேல்லை. இப்ப பாருங்கோ, எண்பத்தாறில இஞ்ச பாங்கில காசு போட்டிருக்கிறார்!"

அவள் முகம் மலர மலர இராஜரட்ணம் தலையைக் குனிந்துகொண்டான்.

ஏனென்றால் பேனாட் என்ற பெயரில் ரொறன்ரோவில் வந்து இறங்கியவன் அவன்தான். பேனாட்டின் பாஸ்போட்டை அவனுக்குக் கொடுத்தது ஏஜென்சி. "பாஸ்போட்டுக்காரர் ஜேர்மனிக்குப் போயிட்டார்" என்று ஏஜென்சி சொன்னதை அவன் நம்பினான். நம்புவது வசதியாக இருந்தது. அந்தப் பெயரிலேயே உணவகத்தில் கோப்பை கழுவினான், கணக்குத் திறந்தான். ஆறு மாதம் கழித்து, பாஸ்போட் ஏதுமில்லாமல் நேற்றுத்தான் வந்தேன் என்று சொந்தப் பெயரில் அகதி விண்ணப்பம் கொடுத்தான். அதற்குப் பிறகு அந்த வங்கி இருந்த தெருப்பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அவனுடைய குடியுரிமை, மயூரியைக் கூப்பிட்ட ஸ்பொன்சர் எல்லாம் அந்தப் பொய்யின்மேல்தான் நிற்கின்றன. உண்மை தெரிந்தால் குடும்பத்தோடு கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள் என்று இன்றைக்கும் நடுங்குகிறவன் அவன்.

"இந்தக் காசு எனக்கு வேண்டாம் தம்பி. ஆள்தான் வேணும். உயிரோட இருக்கிறாரோ எண்டு இந்த விண்ணப்பப் போமில கேட்டுக்கிடக்கு. திங்கக்கிழமை ஓம் எண்டு எழுதி அனுப்பப்போறன். வேற குடும்பமாய் இருந்தாலும் கோவிக்கமாட்டன். உங்களுக்கு அவரைத் தெரியுமோ?"

தெரியாது என்று ஒரு சொல் போதும். எழுந்து போய்விடுவாள். அவன் வாயைத் திறந்தான்.

அதற்குள் அவள், சிநேகிதி எடுத்துக் கொடுத்த, கணக்குத் திறக்கும்போது கையெழுத்திட்ட வங்கி அட்டையின் பிரதி ஒன்றை அவன் பக்கம் நகர்த்தினாள். "கையெழுத்துத்தான் அவற்ற மாதிரி இல்லை. குளிரில கை நடுங்கியிருக்கும், என்ன?"

கையெழுத்து நடுங்கித்தான் இருந்தது. குளிரால் அல்ல. அதை அவள் விரலால் மெல்லத் தடவிக்கொண்டிருந்தாள். இராஜரட்ணத்துக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"அது என்ர கையெழுத்து அக்கா" என்றான்.

பிறகு நிறுத்த முடியவில்லை. பாஸ்போட், அதில் தன் படத்தை மாற்றி ஒட்டியது, கணக்கு, விண்ணப்பம், எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான். சொல்லி முடித்ததும் பயம் இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. ரெலிபோன் அவளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒரு அழைப்பு, அவ்வளவுதான். அவன் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப அவர் பிளேன் ஏறேல்லை."

"இல்லை அக்கா."

காலில் விழுந்து, பிள்ளை சின்னன் அக்கா, காட்டிக்குடுத்திடாதேங்கோ என்று கெஞ்சவேண்டும்போல் அவனுக்கு இருந்தது. அவள் போமை நாலாய் மடித்துப் பையில் வைத்தாள். பயப்பட வேண்டாம் என்றோ, பொலிஸுக்குச் சொல்வேன் என்றோ சொல்லவில்லை. அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"பாஸ்போட்டில இருந்து கழட்டின அவற்ற படம்… அதை என்ன செய்தவங்கள்?"

அவனுக்குத் தெரியாது. பன்னிரண்டு வருடத்தில் ஒருநாளாவது அதை அவன் நினைத்ததில்லை. வெட்கத்தில் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"ஏன் கேக்கிறன் எண்டால், எங்கட வீடு ஆமியின்ர செல்லடியில எரிஞ்சு போச்சு" என்றாள் கிளடிஸ். "என்னட்ட அவற்ற ஒரு படமும் இல்லைத் தம்பி."