முப்பத்தொன்றாவது சொல்

காலை ஆறு நாற்பதுக்கு ஒலிபெருக்கி இரண்டு முறை இருமிவிட்டு, இனிமேல் இந்தப் போர்க்கப்பலில் யாரும் கொச்சையாகப் பேசக்கூடாது என்று அறிவித்தது. பேசியவர் துணை கேப்டன். கொச்சை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சாப்பாட்டு அறைக் கதவில் ஒரு பட்டியல் ஒட்டப்பட்டது. நாற்பத்தாறு சொற்கள். இடப்பக்கம் நாங்கள் பேசுவது, வலப்பக்கம் நாங்கள் பேச வேண்டியது.

நான் கப்பலின் எழுத்தர். பட்டியலைத் தட்டச்சு செய்தவன் நான்தான். என்னை எல்லாரும் மைக்கூடு என்பார்கள். அது பட்டியலில் பத்தொன்பது.

காப்பிக்கு எங்கள் பெயர் தார். இனி அது 'சூடான பானம்'. இயந்திர அறை பாதாளம். ரேடார் பார்ப்பவன் ஜோசியன். அலையில் குமட்டி வாந்தி எடுப்பது மீனுக்குப் பந்தி வைப்பது. இனி அது 'உடல்நலக் குறைவு'. துறைமுகத்தில் கப்பலைக் கட்டும் தடித்த நைலான் கயிறு மாமியார். சாதாரணமாக அது ஓரமாகச் சுருண்டு கிடக்கும். அளவுக்கு மேல் இழுபட்டால் முதலில் மெலியும், அப்புறம் முனகும், அப்புறம் அறுந்து திரும்பி வரும். வழியில் நிற்பவனின் காலைக் கையோடு கொண்டுபோகும். 'மாமியாரு!' என்று ஒரு குரல் கேட்டால் எங்கள் மேல்தளத்தில் யாரும் ஏன், எங்கே என்று கேட்பதில்லை. குப்புற விழுவார்கள்.

பட்டியலில் அது முப்பத்தொன்று. வலப்பக்கம் இருந்தது இது: 'ஐயா, கட்டுக்கயிறு மிகை இழுவிசையில் உள்ளது, அருள்கூர்ந்து அபாய எல்லையை விட்டு விலகி நிற்கவும்.'

'அருள்கூர்ந்து' என்பதைத் துணை கேப்டன் கடைசி நேரத்தில் தன் கையாலேயே சேர்த்தார்.

மாலைக்குள் அவருக்கு அகராதி என்று பெயர் வந்துவிட்டது. பட்டியலில் இல்லாத சொல், அதனால் தடையில்லை என்று சமையல்காரர் வாதாடினார். மறுநாள் அதையும் நாற்பத்தேழாவதாகத் தட்டச்சு செய்தேன். வலப்பக்கம் என்ன போடுவது என்று துணை கேப்டனிடமே போய்க் கேட்டேன்.

"துணை கேப்டன்னு போடு" என்றார். கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொன்னார்.

மூன்று முறை பிடிபட்டால் அடுத்த துறைமுகத்தில் கரை இறங்க முடியாது. கோடு போடும் நோட்டு என்னிடம் இருந்தது.

சிக்கல் விசில் அண்ணனுக்குத்தான். மேல்தளத்தின் மேஸ்திரி அவர். கயிறு, நங்கூரம், படகு எல்லாம் அவர் பொறுப்பு. கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்கும். வெள்ளிக்கிழமை நாங்கள் துறைமுகம் சேர வேண்டும். சனிக்கிழமை காலை பத்தரைக்கு, அதே ஊரில், பதிவாளர் அலுவலகத்தில் அவர் மகளுக்குக் கல்யாணம். ஞாயிறு மாலை கப்பல் கிளம்பிவிடும். ஏற்கெனவே இரண்டு முறை தேதி வைத்து, இரண்டு முறையும் கப்பல் வந்து சேராமல் தள்ளிப்போன கல்யாணம். இந்தத் தடவை அப்பா வந்தாலும் வராவிட்டாலும் கையெழுத்துப் போட்டுவிடப்போவதாக மகள் சொல்லிவிட்டாள்.

புதன்கிழமைக்குள் அண்ணன் பெயருக்கு நேரே இரண்டு கோடுகள் விழுந்திருந்தன. முதலாவது, தார் கேட்டதற்கு. இரண்டாவது, தூக்கத்தில் பேசியதற்கு. மேல் படுக்கைக்காரன் நேர்மையானவன்; காலையில் பல் துலக்குவதற்கு முன்பே வந்து சொல்லிவிட்டான்.

"தூக்கத்துல உளறுனதைக்கூடவா எழுதுவே, மைக்கூடு?"

"அண்ணே, இப்ப என்னைக் கூப்பிட்டீங்களே, அதையே நான் எழுதணும்."

"எழுதப்போறியா?"

"எனக்குக் காது அடைச்சிருக்கு."

அதோடு அவர் பேச்சை விட்டார். வியாழக்கிழமை முழுவதும் தலையாட்டல், கைச்சாடை, விசில். உப்பு வேண்டுமென்றால்கூட விரலால் காட்டினார். துணை கேப்டன் பூரித்துப்போனார். "பாத்தியா, மனுஷன் எவ்வளவு பண்பா மாறிட்டார்" என்றார் என்னிடம்.

வெள்ளிக்கிழமை மூன்றேகாலுக்குக் கப்பலைக் கட்டத் தொடங்கினோம். கரையில் இருந்தவர்கள் கயிற்றின் தலைப்பை இரும்புக் கட்டையில் மாட்டினார்கள். இந்தப் பக்கம் விஞ்ச் என்ற கயிறு சுற்றும் இயந்திரம் இழுத்தது. கப்பல் இன்னும் முழுதாக நிற்கவில்லை. மெல்ல விலகிப் போய்க்கொண்டிருந்தது. துணை கேப்டன் சின்ன நோட்டோடு பின்தளத்துக்கு வந்தார். ஆட்கள் சரியான சொற்களைப் பேசுகிறார்களா என்று காதுகொடுத்துக் கேட்க அவருக்கு வசதியான இடம் தேவைப்பட்டது. கயிற்றுக்கு ஒரு முழம் தள்ளி, விஞ்சுக்கும் கப்பல் விளிம்புக்கும் நடுவே, அப்படி ஓர் இடம் காலியாக இருந்தது. அத்தனை பேர் நெருக்கியடித்து நிற்கும் தளத்தில் அது மட்டும் ஏன் காலியாக இருக்கிறது என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

கயிறு மெலிந்தது. அதிலிருந்த ஈரம் பிழிபட்டுப் புகைபோல் கிளம்பியது. அந்த முனகல் எனக்கே கேட்டது. விஞ்ச்காரன் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றான்.

அண்ணனின் கை விசிலுக்குப் போனது. பாதியில் நின்றது. விசில் ஊதினால் எங்கள் கப்பலில் அவரவர் இருந்த இடத்தில் விறைத்து நின்று அடுத்த ஆணைக்குக் காத்திருக்க வேண்டும். துணை கேப்டன் அதை எல்லாருக்கும் முந்திச் செய்வார்.

"டேய் அகராதி! மாமியாருடா! படு!"

படுத்தார். பட்டியல் போட்டவர் என்பதால் முப்பத்தொன்றாவது சொல் அவருக்கு மனப்பாடம். அறுந்த கயிறு தொடை உயரத்தில் அவரைத் தாண்டிப் போய், பின்னால் இருந்த தீயணைப்புக் குழாய்ப் பெட்டியை இரண்டாக மடித்தது. அவருடைய நோட்டு கடலில் விழுந்தது.

அண்ணன் துணை கேப்டனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

ஐந்து மணிக்குத் துணை கேப்டன் அறையில் விசாரணை. அவர் தாடையில் பஞ்சு ஒட்டியிருந்தது. எழுத வேண்டியவன் என்பதால் நானும் இருந்தேன்.

"உக்காருங்க."

அண்ணன் உட்காரவில்லை.

"என்னை டேய்னு கூப்பிட்டீங்க."

"ஆமா சார்."

"அகராதின்னும்."

"அவசரத்துல நல்ல பேரு வாயில வரல சார்."

துணை கேப்டன் பஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நீங்க கத்தலைன்னா எனக்குக் கால் இருந்திருக்காது. அது எனக்குத் தெரியும். ஆனா விதின்னு ஒண்ணு இருக்கு. அதுவும் நானே போட்ட விதி."

"சரி சார்."

"தலைமையகத்துக்கு அறிக்கை போகணும். என்ன சொல்லி எச்சரிக்கை பண்ணீங்கன்னு அதுல ஒரு கட்டம் இருக்கு."

ஒரு தாளை நகர்த்தினார். அந்தக் கட்டம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. ஐயா, கட்டுக்கயிறு மிகை இழுவிசையில் உள்ளது என்று தொடங்கி, அருள்கூர்ந்து வரை ஒன்றும் விடுபடவில்லை.

"இதைத்தான் சொன்னேன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. மூணாவது கோடு விழாது. நாளைக்குப் பொண்ணு பக்கத்துல இருப்பீங்க."

அண்ணன் படித்தார். உதடுகள் அசைந்தன. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு நொடி ஆனது.

"இது பொய் சார்."

"பொய் இல்ல. மொழிபெயர்ப்பு."

"போடலைன்னா?"

"நான் ரொம்ப வருத்தப்படுவேன்."

உண்மையாகவே வருத்தப்படுவார். அவரிடம் இருந்த தொல்லையே அதுதான். வருத்தப்பட்டுக்கொண்டே கோட்டையும் போடச் சொல்வார்.

அண்ணனின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்து, யார் என்று பார்த்துவிட்டு, பேசாமல் உள்ளே வைத்தார். பிறகு கையை என் பக்கம் நீட்டினார். என் பேனாவைக் கொடுத்தேன்.

சனிக்கிழமை பத்தரைக்கு அவர் பதிவாளர் அலுவலகத்தில் இருந்தார். ஞாயிறு காலை ஒன்பதரைக்குச் சலவைச் சட்டையோடு கப்பலுக்குத் திரும்பினார்.

"கல்யாணம் நல்லா நடந்துச்சா அண்ணே?"

"நடந்துச்சு. சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன். ரெண்டு நாள்ல ரெண்டு கையெழுத்து. ஒண்ணாவது நிஜம்."

"மாப்பிள்ளை எப்படி?"

"தங்கமான பையன். கப்பல்ல வேலை பாக்கல."

என் கையில் இருந்த தாளை அவர் அப்போதுதான் கவனித்தார். தலைமையகத்திலிருந்து அன்று காலை வந்தது. படித்துக் காட்டினேன். புதிய மொழிநடை ஓர் அதிகாரியின் உயிரைக் காத்ததில் தலைமையகத்துக்குப் பெருமகிழ்ச்சி. துணை கேப்டனுக்குப் பாராட்டுக் கடிதம் தனியே வருகிறது. மேற்படி வாக்கியம் இன்று முதல் எல்லாக் கப்பல்களிலும் கட்டாயம். பழைய கூச்சலுக்கு எங்கும் இடமில்லை. ஆபத்து வேளையில் அதைப் பிழையின்றிச் சொன்ன அனுபவம் உள்ளவர் என்பதால், பயிற்சி கொடுக்கும் பொறுப்பு மேல்தள மேஸ்திரிக்கு. முதல் வகுப்பு இன்றே பத்து மணிக்கு, பின்தளத்தில்.

அங்கே புதுக் கயிற்றை மாட்டிவிட்டிருந்தார்கள். பதினோரு பேர் நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். நல்ல காலியான இடமாகப் பார்த்துத் துணை கேப்டனும் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணன் தாளை வாங்கி, தானே ஒரு முறை முழுதும் படித்தார்.

"மைக்கூடு, பாதி வாக்கியத்துலயே கயிறு வந்துட்டா, மீதியை யார்கிட்ட சொல்றதுன்னு இதுல எங்கயாவது போட்டிருக்கா?"