நீலம் மிச்சமிருக்கிறதா?

1

இந்தக் கதை நான் வாங்கிய ஒரு திட்டில் பிறந்தது. என் தொடர்கதையில் நாயகன் ஒரு பொத்தானை அழுத்த, நீராவி டர்பைன் ஒரே நிமிடத்தில் முழு வேகத்தில் ஓடியது. அந்த வாரமே ஒரு வாசகி தொலைபேசியில் பிடித்துக்கொண்டார்.

"டர்பைன் என்ன சார், மிக்ஸியா? தட்டினதும் சுத்த?"

அவர் டர்பைன் சோதனைக்கூடத்தில் பொறியாளர். பரிகாரமாக உங்கள் கதையையே எழுதுகிறேன் என்றேன். எழுத எழுதப் படித்துக் காட்ட வேண்டும் என்றார்.

2

'டர்பைனின் உறுமல் அவள் இதயத்தை...'

(வேண்டாம். "அது உறுமினா நாங்க ஓடிடுவோம் சார்.")

சுழலும் தண்டுக்கும் அதைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் சீல் வளையத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. கூடினால் நீராவி வீணாகக் கசியும். குறைந்தால் தண்டு உரசும். வேகம் ஏறும்போதும் இறங்கும்போதும் தண்டு அதிரும். அப்போதெல்லாம் விலகி நின்று, ஓட்டம் சீரானதும் தானே நெருங்கி வரும் வளையம் ஒன்றை வடிவமைத்தவரை எல்லோரும் 'சீல்காரர்' என்பார்கள். அவளுடைய கணவர். (வாசகி கதைக்குள் வந்துவிட்டதால் இனி 'அவள்'.)

கணவன் மனைவியும் இப்படித்தான் என்று ஒரு வரி எழுதி, அடித்துவிட்டேன். உங்களுக்கே தோன்றியிருக்கும்.

3

நான்கு வருட உழைப்பு. இதுவரை நடந்த இரண்டு சோதனைகளிலும் வேகம் இறங்கும்போது வளையம் விலகத் தாமதித்து உரசிவிட்டது. இரண்டு முறையும் 'தோல்வி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் அவள். மூன்றாவதும் உரசினால் திட்டத்தை மூடிவிடுவார்கள்.

இங்கே சீல்காரருக்குக் கோபம் வரவழைத்தேன். ஒரு தட்டைக்கூட உடைக்க வைத்தேன். எதிர்முனையில் சிரிப்பு.

"அவரா? ரெண்டாவது தடவை நான் பேனாவைத் தேடிட்டு நிக்கறேன். தன் பையிலேருந்து எடுத்துக் குடுத்ததே அவர்தான் சார்."

தட்டை ஒட்டவைத்துவிட்டேன்.

4

மூன்றாவது சோதனை. வளையத்தின் விளிம்பில் அவள் நீலச் சாயம் தடவினாள். உரசினால் நீலம் அழிந்திருக்கும். பிறகு இடைவெளி அளக்கும் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். இடைவெளியைத் துளி கூட்டி வைத்தால் உரசவே உரசாது. கசிவு சற்று ஏறும். யாரும் துருவிக் கேட்கமாட்டார்கள்.

பின்னால் அவர் குரல்: "பாசத்தையெல்லாம் வீட்டுல காட்டு. இங்க வரைபடத்துல இருக்கறதை வை."

"வீட்டுல காட்டினா மட்டும் கண்ணுல பட்டுடுதாக்கும்!"

வரைபடத்தில் இருந்ததையே வைத்தாள்.

வேகம் ஏறியது. தண்டு அதிர்ந்து அடங்கியது. வளையம் நெருங்கியது, கசிவு குறைந்தது. பிறகு வேகத்தை இறக்கினார்கள். அதிர்வுமானியின் முள் இரண்டு முறை துள்ளியது. உரசலா, வெறும் அதிர்வா? மூடியைத் திறந்தால்தான் தெரியும்.

5

இது நடந்தது நேற்று. இயந்திரம் ஆறி மூடியைத் திறப்பது நாளைக் காலை. இதழ் அச்சுக்குப் போவதோ இன்று!

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் நீலம் அப்படியே இருக்கிறது. மற்றதில் அழிந்துபோய், அவள் மறுபடி பேனாவைத் தேடுகிறாள். இரண்டையும் படித்துக் காட்டினேன்.

"ரெண்டுலயும் ஒரே தப்பு சார். டார்ச்சை என் கையில குடுத்திருக்கீங்க. உள்ள குனிஞ்சு பார்க்க எனக்கு ரெண்டு கையும் வேணும். வெளிச்சம் பிடிக்கறது எப்பவும் அவர்தான்."

திருத்திவிட்டேன். மூடி உயர்கிறது. அவள் குனிகிறாள். அவர் பக்கத்தில் நின்று டார்ச்சைப் பிடிக்கிறார்.

நீலம் இருக்கிறதா, இல்லையா, நீங்களே முடிவு செய்யுங்கள். டார்ச்சை மட்டும் அவர் கையிலிருந்து வாங்கிவிடாதீர்கள்.