எதிர்வீட்டுச் செம்பு

உண்ணாமலை பார்த்தால் எதிர்வீட்டுச் செம்பு சூடாகும். கொஞ்ச நேரம் விடாமல் பார்த்தால் அந்த வீட்டு வாசலில் இருக்கும் அண்டாத் தண்ணீர் குளிக்கிற பதத்துக்கு வந்துவிடும். மனசு ரொம்பக் கெட்டுப்போன நாளில் கொதித்தே விடும். ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில், முந்திரித் தோப்பை ஒட்டிய அந்தத் தெருவில் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பால் வண்டி எப்போது வரும் என்பதைப்போல இதுவும் தெரிந்த விஷயம்.

எதிர்வீடு அவளுடைய கொழுந்தன் ஜெயப்பிரகாஷுடையது. கத்தாரில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன், வீட்டையும் தோட்டத்தையும் செம்பாலேயே அலங்கரித்தான். செம்புக் குழாயைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் அது இளகிவிடும், கையாலேயே வளைக்கலாம். அப்படி வளைத்து வாசலில் மல்லிக்கொடி ஏற ஒரு வளைவு கட்டினான். கூரையிலிருந்து மழைநீர் இறங்கச் சின்னச் சின்னச் செம்புக் கிண்ணங்களைக் கோத்துத் தொங்கவிட்டான். மேல் கிண்ணம் நிறைந்து அடுத்ததில் வழிய, அதுவும் நிறைந்து அதற்கடுத்ததில் வழிய, மழை படியிறங்கி வருவதைத் தெருவே நின்று பார்த்தது. பூந்தொட்டிகளைச் சுற்றிச் செம்புப் பட்டை ஒட்டினான். நத்தை அதைத் தாண்டாது. வாசலில் ஒரு பெரிய செம்பு அண்டாவை வைத்துத் தண்ணீர் ஊற்றி அரளிப் பூ மிதக்கவிட்டது மட்டும் அவன் மனைவி நந்தினியின் யோசனை.

அதற்கெல்லாம் உண்ணாமலைக்கு எரியவில்லை. அவள் பெற்ற மகள் நர்மதா அந்த வளைவுக்குக் கீழேயே குடியிருந்ததுதான் எரிந்தது. நர்மதா நர்சிங் முடித்துவிட்டு மாப்பிள்ளை பார்க்கும் வரை வீட்டில் இருந்தாள். வீட்டில் என்றால் சித்தி வீட்டில். அம்மா போட்ட சோற்றைத் தட்டோடு தூக்கிக்கொண்டு அங்கே போவாள். "இங்க என்னடி குறைச்சல்?" என்று கேட்டால், "அங்க உக்காந்து சாப்பிட்டா நல்லாருக்கும்மா" என்பாள். உண்ணாமலை சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். அண்டாவில் அரளிப் பூ வெந்துபோகும்.

முதலில் வெயில் என்றுதான் நினைத்தார்கள். ஆனால் அண்டா இருந்தது வேப்பமர நிழலில். ஜெயப்பிரகாஷ் எவர்சில்வர் குடம், பிளாஸ்டிக் வாளி, இரும்புச் சட்டி என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தான். எதுவும் சூடாகவில்லை. உண்ணாமலை சிறுவாச்சூர் கோயிலுக்குப் போன அன்று அண்டாவும் பச்சைத் தண்ணீராகவே இருந்தது. அதோடு விஷயம் விளங்கிவிட்டது. நந்தினி ஒருமுறை புளி போட்டு அண்டாவைப் பளபளவென்று தேய்த்தபோது சூடு பாதியாகக் குறைந்தது. பளபளப்பு சூட்டைத் திருப்பி அனுப்பும், கறுத்த செம்புதான் உள்ளே வாங்கும். அன்றிலிருந்து அவள் அண்டாவைத் தேய்ப்பதை விட்டாள். பாலும் புளிப்பும் ஈயம் பூசாத செம்பில் ஆகாது. அதனால் பால் பாத்திரத்தை அண்டாத் தண்ணீருக்குள் இறக்கிக் காய்ச்சினாள். நாளடைவில் தீர்ந்த சிலிண்டருக்கு மறு சிலிண்டர் பதியவும் மறந்துபோனாள்.

உண்ணாமலையின் புருஷன் கொளஞ்சியப்பன் ஜெயங்கொண்டத்திலிருந்து அவளுக்கும் ஒரு செம்புக் குடம் வாங்கிவந்து கொடுத்தான். அவள் நாள் முழுக்க அதைப் பார்த்தாள். அது சில்லென்று கிடந்தது. சொந்தச் சாமானைப் பார்த்து யாருக்கு எரியும்?

அரும்பாவூரிலிருந்து நர்மதாவைப் பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். "சித்தி வூட்டுலயே வச்சுக்கலாம்மா, போட்டோ நல்லா வரும்" என்றாள் நர்மதா. உண்ணாமலை தலையாட்டினாள். தன் கண்ணால் மகள் காரியம் கெட்டுவிடக் கூடாது என்று மட்டும் முடிவெடுத்து, அன்றைக்குத் தன் அடுக்களையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். மாப்பிள்ளை வீட்டார் வந்து தோட்டத்தில் உட்கார்ந்த பிறகு நந்தினி பின்வாசல் வழியாக ஓடிவந்தாள்.

"அக்கா, தண்ணி காயல. கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போங்கக்கா."

"ஏண்டி, எம் பொண்ணுக்கு வந்த சம்பந்தத்துக்கு நான் வவுறெரிஞ்சுதான் காப்பி போடணுமா?"

"உங்களை நம்பித்தானேக்கா சிலிண்டரே போடாம இருக்கேன்!"

உண்ணாமலை எழுந்தாள். தன் வீட்டு அடுப்பிலிருந்து சிலிண்டரைக் கழற்றி, தலையைக் குனிந்தபடியே தெருவில் உருட்டிக்கொண்டு போனாள். எதிர்வீட்டு வாசற்படி தடுக்கியபோது தலை தானாக நிமிர்ந்தது. வளைவுக்குக் கீழே நர்மதா பட்டுப்புடவையில் நின்றிருந்தாள். மாமியாராக வரப்போகிற வீரம்மாள் அவள் தலையில் பூ வைத்துவிட்டு, "இவங்கதான் அம்மாவா?" என்று அப்போதுதான் வந்து பக்கத்தில் நின்ற நந்தினியைக் காட்டிக் கேட்டாள். நர்மதா சித்தியின் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். இல்லை என்று சொல்ல அவளுக்கு ஒரு கணம் ஆனது.

அந்த ஒரு கணத்தில் அண்டா பொங்கி வழிந்தது. மழைக் கிண்ணங்களில் நேற்றைய தண்ணீர் கிண்ணம் கிண்ணமாக ஆவியானது. வளைவில் மல்லி மொட்டெல்லாம் சுருங்கின. செம்புக் கேட்டில் கை வைத்திருந்த மாப்பிள்ளையின் மாமா கையை உதறிக்கொண்டு நகர்ந்தார். "இல்ல அத்தை, இவங்க சித்தி. அம்மா அதோ சிலிண்டரோட நிக்கிறாங்க" என்றாள் நர்மதா. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். காப்பி வந்தது. வீரம்மாள் ஊதி ஊதிக் குடித்துவிட்டு, காப்பின்னா இப்படிச் சூடா இருக்கணும் என்றாள். அங்கேயே தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

கல்யாணம் முடிந்து நர்மதா அரும்பாவூர் போனதும் எதிர்வீட்டு அண்டா ஆறிவிட்டது. நந்தினி சிலிண்டர் பதிந்தாள். ஜெயப்பிரகாஷ் புது மல்லிக்கொடி வைத்தான், அது தழைத்தது. உண்ணாமலை இப்போது சன்னலுக்கு வருவதில்லை. காலையில் செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்து வீடியோ காலில் மகளைப் பார்க்கிறாள். அங்கே வீரம்மாள் மருமகளுக்குத் தலைவாரி விடுகிறாள். பின்னால் கிணற்றடியில் ஒரு பழைய செம்புத் தவலை தெரிகிறது. போன் வழியாகச் சூடு எப்படிப் போகிறது என்று ஜெயப்பிரகாஷால் சொல்ல முடியவில்லை. போகிறது, அவ்வளவுதான். "அம்மா, போதும், தண்ணி கொதிச்சிருச்சு, அத்தை குளிக்கப் போறாங்க" என்று நர்மதா சொல்லும்போது, "நகருங்கக்கா, நானும் அவளைப் பாக்குறேன்" என்று நந்தினி தோளை இடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருகிறாள். இரண்டு பேராகப் பார்ப்பதால் அரும்பாவூரில் இப்போதெல்லாம் தண்ணீர் சீக்கிரமே காய்ந்துவிடுகிறது.