முழங்கால் உயரத்தில் பலகை

துப்பினால் எச்சில் தரையில் விழுமுன் கட்டியாகிற குளிர். அந்தக் குளிரில் இன்ஜின் கொதித்துவிட்டதாம். ஆறவைத்து ஓட்டிவர இவ்வளவு நேரமாயிற்றாம். புருஷன் ரூடி பூட்ஸைக் கழற்றிக்கொண்டே இதைச் சொன்னபோது, ஹில்யா அடுப்பிலிருந்த கஞ்சியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மறுபடியுமா?"

"கெழட்டு வண்டிதானே. ஏறக்குறைய உன் வயசு."

"எனக்கு வயசாச்சுன்னு நான் கொதிக்கிறேனா?"

"அதை என்கிட்ட கேக்காதே" என்று சிரித்தான்.

சிரிப்பு கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டதாக அவளுக்குப் பட்டது. வேறு எவளாவது என்றால் நம்பியிருப்பாள். ஹில்யாவோ வண்டி வைத்து ரோட்டுப் பனி தள்ளுகிறவன் மகள். வண்டியின் மூக்கில் மாட்டிய இரும்புப் பலகையை உயரத் தூக்கிக்கொண்டு ஓடினால் ரேடியேட்டருக்குக் காற்று போகாது, எந்தக் குளிரிலும் இன்ஜின் கொதிக்கும். பனி தள்ளாமல் ரோட்டில் ஓடும்போது பலகையை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, சற்றே சாய்த்து வைக்க வேண்டும். அப்பா இதை அவளுக்கும் அண்ணன் வைனோவுக்கும் பால்குடி மறக்குமுன்பே சொல்லிக்கொடுத்திருந்தார். ரூடிக்கும் தெரியும். போன இலையுதிர்காலத்தில்தான் ரேடியேட்டரைக் கழுவி, தெர்மோஸ்டாட்டை மாற்றினான். விளக்குப் பிடித்தவளே அவள்தான். அப்புறம் எப்படிக் கொதிக்கும்? யார் காதில் பூச்சுற்றுகிறான்?

அதுவும் ஏரிக்கரைச் சாலைக்குப் போகிற நாட்களில் மட்டும். அந்தச் சாலையில் ஹில்யாவின் கணக்குக்கு ஒரே வீடுதான், புருஷனை இழந்த டோரீனுடையது. கோடியில் வைனோவின் வீடும் உண்டு. அதை அவள் எண்ணுவதில்லை. அப்பாவைப் புதைத்த மறுநாளே, வைனோவைக் கேளாமல், அப்பாவின் இந்த வண்டியை அவள் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அப்பாவோடு வண்டிக்கடியில் படுத்துக் கிடந்தே வளர்ந்த வைனோ அன்றைக்கு வாயை மூடியவன்தான், இன்றுவரை திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை.

ரூடியின் கோட்டை மாட்டப் போனாள். பையில் ரொட்டித் துணுக்கு. முகர்ந்தாள், ஏலக்காய். இந்த வீட்டில் ஏலக்காய் ரொட்டி சுட்டு வருஷக்கணக்காகிறது. டோரீன் சுட்டதாகத்தான் இருக்கும். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனுஷனை இனி எந்த முகத்தோடு பார்ப்பது என்று நினைத்தாள், அழுகையும் வந்தது.

அடுத்த பனி கொட்டிய காலையில் அவளும் பூட்ஸை மாட்டினாள்.

"நீ எங்க?"

"உன்கூடத்தான்."

"ரொம்பக் குளிரும்டி."

"வண்டிதான் கொதிக்குதே. கதகதன்னு இருக்கும்."

ரூடி வண்டியைக் கிளப்பினான். வழியில் மூன்று வீட்டு வாசல்களில் பனியைத் தள்ளினான், தேவாலய முற்றத்திலும் தள்ளினான். ரோட்டில் ஓடும்போதெல்லாம் பலகை முழங்கால் உயரத்திலேயே இருந்தது. சூடுகாட்டும் முள் அசையாமல் கிடந்தது. அவள் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஏரிக்கரைச் சாலையில் திரும்பியதும் ரூடியின் கை லீவருக்குப் போயிற்று. ஒரு கணம் தயங்கி அவளைப் பார்த்தான். பிறகு தூக்கினான். பலகை மேலே ஏறிக் கண்ணாடியில் பாதியை மறைத்தது.

முள் ஏறத் தொடங்கியது.

"இறக்கு."

"கொஞ்சம் பொறு."

"அவ வீட்டு வாசல்ல போய் நிக்கத்தானே?"

"எவ வீட்டு வாசல்ல?"

டோரீன் வீட்டின் பச்சைக் கூரை வந்தது. ஹில்யா கதவுப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். ரூடி வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. கூரை பின்னால் போயிற்று. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. முள் சிவப்பைத் தொட்டு, மூடியோரம் ஆவி சீற, வண்டி கோடியில் ஒரு தபால் பெட்டியருகே நின்றது. பெட்டியில் அவள் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயர்.

வீட்டுக் கதவு திறந்தது. கையில் கெட்டிலோடு ஓர் ஆள் தடியூன்றி வந்தார். கோட்டு அவர் மேல் தொளதொளவென்று தொங்கியது.

"எத்தனை வாட்டி சொல்றது மச்சான்! பலகையை இப்படியா தூக்குவாங்க? அப்பா வண்டியைக் கொன்னுட்டுத்தான் விடுவே போல! பச்சைத் தண்ணிய ஊத்தாதே, வெடிச்சிரும். வெந்நீர் கொண்டாறேன், இரு!"

ரூடி முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னான்: "உன் அண்ணனுக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆச்சு. யாரையும் உள்ள விடறதில்ல. நான் சும்மா போனா கதவத் திறக்கல. வண்டி கொதிச்சாத்தான் வெளிய வர்றான். அது ஆறுற வரைக்கும் காபி, ரொட்டி, ரெண்டு வார்த்தை. உன்கிட்ட சொன்னா போகாதேம்ப."

போகாதே என்றுதான் சொல்லியிருப்பாள். அது அவளுக்குத் தெரியும்.

வைனோ வண்டியை நெருங்கியபோதுதான் அவளைக் கண்டார். வசவு பாதியில் நின்றது. கெட்டிலைப் பனியில் வைத்தார், திரும்பி நடந்தார், உள்ளே போனார். கதவை மட்டும் சாத்தவில்லை.

இந்த ஊரில் எந்தக் கோபத்திலும் யாரும் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போவதில்லை. வீட்டுச் சூடு வெள்ளைப் புகையாக வெளியே வந்துகொண்டிருந்தது. ஏலக்காய் வாசனையும் வந்தது.

"விறகு வீணாப் போகுது" என்றாள் ஹில்யா. "சாத்தணும்."

"சாத்திட்டு வா" என்றான் ரூடி.

அவள் இறங்கினாள். கெட்டில் தன் சூட்டில் பனியை உருக்கி, கைப்பிடி மட்டும் தெரிய உள்ளே அமிழ்ந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு வாசற்படி ஏறினாள். கதவு உட்பக்கமாகத் திறந்து கிடந்தது. பிடியை எட்டிச் சாத்த உள்ளே போகத்தான் வேண்டும்.