திரும்பிப் பார்க்கக் கூடாத பரீட்சை

பரீட்சை ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, பெண் பார்க்க வந்துவிட்டார்கள்.

எங்கள் ஹெராத் நகரத்தில் பெண் கேட்டு வரும் அம்மாமார்கள் சொல்லிக்கொண்டு வருவதில்லை. சொல்லிவிட்டு வந்தால் பெண்ணுக்குப் பவுடர் பூசி ஏமாற்றிவிடுவோமாம். அவர்கள் வந்தால் தேநீர் வைக்க வேண்டும், பெண்தான் தட்டை ஏந்திக்கொண்டு வர வேண்டும். வராவிட்டால் அவளிடம் ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

நான் பக்கத்து அறையில் கதவைச் சாத்தி, சால்வையைப் போர்த்திக்கொண்டு, சுவரில் சாய்த்து வைத்த ஃபோன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். புதிதாக ஆட்சிக்கு வந்தவர்கள் பல்கலைக்கழகத்தைப் பெண்களுக்கு மூடியபோது நான் இரண்டாம் வருடம். அதற்குப் பிறகு எங்கோ வெளிநாட்டிலிருக்கும் ஒரு கல்லூரி என்னை இணையத்தில் இலவசமாகச் சேர்த்துக்கொண்டது. படிப்பு புள்ளியியல். இந்தப் பரீட்சையில் தேறினால் அடுத்த வருடமும் இடம் உண்டு. இல்லையென்றால் காத்திருக்கும் இன்னொருத்திக்குப் போய்விடும். விதிகளோ கறார். கேமரா முன்னாலிருந்து நகரக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது, யாரும் உள்ளே வரக் கூடாது. மீறினால் தாள் செல்லாது. மேற்பார்வை பார்க்கும் அம்மாள் திரையின் மூலையில் சின்னதாகத் தெரிந்தாள்.

நான் படிப்பது ஈரானில் கட்டட வேலை செய்யும் அப்பாவுக்கும், அம்மாவுக்கும், தங்கை நிலாபுக்கும் மட்டும்தான் தெரியும். பெரியப்பாவுக்குத் தெரியாது. அடுத்த சந்தில் இருந்துகொண்டு எங்கள் வீட்டையும் சேர்த்து ஆள்கிறவர் அவர். இந்தப் பெண்களை அனுப்பி வைத்ததும் அவர்தான். விஷயம் தெரிந்தால் முதல் காரியமாக ஃபோனைப் பிடுங்குவார்.

"பொண்ணு எங்க?" மாப்பிள்ளையின் தாய் குல்அந்தாமின் குரல் சுவர் வழியாகத் தெளிவாகக் கேட்டது.

"தொழுதுட்டிருக்கா," என்றாள் அம்மா.

நிலாப் தேநீர் கொண்டுபோனாள். பாதாம் மிட்டாய் கடிபடும் சத்தம்.

"இன்னுமா தொழறா? ரமலான் மாச நீளத் தொழுகையைக்கூட இமாம் இதுக்குள்ள முடிச்சிருப்பாரே!"

"குளிக்கப் போயிருப்பா."

"இந்தக் குளிர்லயா?" கூட வந்த மகள் சிரித்தாள். "அம்மா, நீங்களே உள்ள போய்ப் பாத்துட்டு வந்துருங்க."

எழுந்திருக்கும் சலசலப்பு. என் விரல் திரையில் அப்படியே நின்றுவிட்டது.

"போகாதீங்கக்கா," என்றாள் அம்மா. "உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? அவளுக்கு வலிப்பு. காலைலகூட வந்துச்சு. அசந்து தூங்கறா."

எனக்கு வலிப்பா? சளிகூடப் பிடிக்காத உடம்பு இது. சாயங்காலத்துக்குள் கடைத்தெரு முழுக்கப் பரவிவிடும். இனி எனக்கு மட்டுமல்ல, நிலாபுக்கும் யாரும் வர மாட்டார்கள். அதெல்லாம் தெரிந்துதான் அம்மா சொன்னாள். கண்ணில் நீர் கொட்டியது. துடைத்தால் கை முகத்தை மறைக்கும் என்று அப்படியே விட்டேன். 'உடம்பு சரியில்லையா?' என்று மேற்பார்வை அம்மாள் எழுதிக் கேட்டாள். 'நன்றாக இருக்கிறேன்' என்று தட்டினேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்று காத்திருந்தேன். ஆனால் குல்அந்தாம் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"தங்கச்சி, எம் பையனுக்கும் அதே நோய்தான். எத்தன வீட்டுப் படி ஏறினேன் தெரியுமா? மறைச்சுக் கட்டி வைக்க மனசு வரல. எல்லாரும் வெரட்டிட்டாங்க. நீயாவது மறைக்காம சொன்னியே! அல்லாதான் என்னை இங்க அனுப்பியிருக்கான். உம் பொண்ணக் கண்ணாட்டம் பாத்துக்கறேன்."

அவள் நல்லவள். அதுதான் வினையாகப் போயிற்று. கெட்டவளாக இருந்தால் அம்மா ஏதாவது சொல்லித் துரத்தியிருப்பாள். இந்த நல்லவள் அங்கேயே உட்கார்ந்து பெரியப்பாவுக்கு ஃபோன் போட்டு, பெண்ணுக்கு வலிப்பிருந்தாலும் எங்களுக்குப் பூரண சம்மதம் என்று சொல்லிவிட்டு, அம்மாவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டுக் கிளம்பினாள்.

கொஞ்ச நேரத்தில் என் திரையின் மேல் 'பெரியப்பா' என்று வந்தது. வீட்டுக்கு இருப்பது இந்த ஒரே ஃபோன். எடுத்தால் பரீட்சை அறுந்துபோகும். துண்டித்தேன். மறுபடி வந்தது. மறுபடி துண்டித்தேன். அதற்குப் பிறகு வரவில்லை. அவர் நேரிலேயே கிளம்பிவிட்டார் என்று புரிந்தது. எனக்குக் கடைசிக் கேள்வி பாக்கி.

வாசல் கதவை உடைக்கிற மாதிரித் தட்டினார்.

"ஃபோனை எடுக்க முடியாத அளவுக்கு இங்க என்ன வேலை? பொண்ணுக்கு வலிப்புன்னு எங்கிட்ட ஏன் சொல்லல? போகட்டும், குடுத்துருவோம். இனி வேற எவன் வரப்போறான்? எங்க அவ?"

காலடிகள் என் அறையை நோக்கி வந்தன. அம்மா ஓடி வந்து கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள் போல. எனக்குப் பின்னால் கதவு அதிர்ந்தது. நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"தள்ளு."

"அல்லாவுக்காகக் கெஞ்சறேன், உள்ள மட்டும் போகாதீங்க."

"ஏன்?"

அம்மா பொய்யை விடாமல் பிடித்துக்கொண்டால் என்னைக் கொடுத்துவிடுவார்கள். உண்மையைச் சொன்னால் ஃபோன் போய்விடும். எப்படிப் பார்த்தாலும் என் படிப்பு இன்றோடு சரி.

"அவளுக்கு வலிப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றாள் அம்மா. "பல்கலைக்கழகப் பரீட்சை எழுதறா. அது முடியற வரைக்கும் என்னை அடிச்சுப் போட்டாலும் நகர மாட்டேன். முடிஞ்சதும் ஃபோனை நீங்களே எடுத்துட்டுப் போங்க."

பெரியப்பா கத்தினார். என்ன கத்தினார் என்று என் காதில் விழவில்லை. நான் கடைசிக் கேள்விக்கு விடையைத் தட்டிக்கொண்டிருந்தேன்.